பழகிடும்னு சொல்றவங்க முதல்ல என் சீட்டுல ஒரு மணி நேரம் உக்காருங்க

"பழகிடும்."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்கு உச்சந்தலை சூடாகுது. சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்ச முதல் வாரம், உக்கார முடியலைன்னு சொன்னேன். பழகிடும்னாங்க. ஒரு மாசம் கழிச்சு, தொடை இடுக்கெல்லாம் உரசிப் புண்ணாயிருக்குன்னு சொன்னேன். பழகிடும்னாங்க. அப்புறம் ஒருநாள் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்கினா, முன்பக்கம் உணர்ச்சியே இல்ல. கால் மரத்துப்போற மாதிரி, ஆனா கால் இல்ல. குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் பாத்து, ரெண்டு பேர்கிட்ட சொன்னேன். அதுக்கும் அதே பதில்தான். கூடவே ஒரு சிரிப்பு வேற.

யோவ், எது பழகும்? நரம்பு நசுங்குறது பழகுமா?

முட்டி வலிக்குதுன்னு சொல்லிப் பாருங்க. ஆளாளுக்கு டாக்டர் ஆயிடுவாங்க. சீட்டை ஏத்து, பெடலை மாத்து, எண்ணெய் தேய், ஐஸ் வை. கழுத்து வலின்னா கைப்பிடியை எவ்வளவு தூக்கணும்னு கணக்கோட வருவாங்க. ஆனா வலி இடுப்புக்குக் கீழ, தொடைக்கு மேலன்னு வந்துட்டா போதும், அத்தனை வாயும் மூடிக்கும். இல்லன்னா ஒரு கேலி. ஆம்பளைங்க நாலு பேர் சேர்ந்தா எதைத்தான் பேசாம விட்டோம்? இதை மட்டும் பேச மாட்டோம். அவனவன் அவனவன் புண்ணோட வீட்டுக்குப் போய் பவுடர் கொட்டிக்கிட்டு, மறுநாள் கால் அகட்டி நடந்து வந்து, "சூப்பர் ரைடு மச்சி"ன்னு சொல்லிக்கிட்டிருக்கான்.

சரி, யாரும் சொல்லாததை நானே சொல்லித் தொலைக்கிறேன்.

கெட்டியான ஸ்டூல்ல உக்காந்து, உள்ளங்கையை அடியில வச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு எலும்பு குத்தும். உக்கார்றதுக்குன்னே இருக்குற எலும்பு அது. உடம்பு எடையைத் தாங்கவேண்டியது அந்த ரெண்டும்தான். அதுங்க நடுவுல, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில இருக்குற மெத்தான பகுதி எடை தாங்குற இடமே இல்ல. ஆணுறுப்புக்குப் போற நரம்பும் ரத்தக்குழாயும் அந்தப் பக்கமாத்தான் ஓடுது. சீட்டு சரியில்லைன்னா எலும்பு சும்மா இருக்கும், எடை முழுக்க அந்த நரம்பு மேல ஏறும். மரத்துப்போறதுன்னா இதுதான். "நிறுத்து, என்னை நசுக்குற"ன்னு உடம்பு கத்துது. அதைத்தான் இவங்க பழகிக்கச் சொல்றாங்க.

இப்ப கட்டைவிரல் கதைக்கு வருவோம். சைக்கிள் சீட்டு வாங்கப் போற நூத்துக்குத் தொண்ணூறு பேர் செய்றது ஒண்ணே ஒண்ணு: கட்டைவிரலால ஒரு அழுத்து. அமுங்குச்சுன்னா நல்ல சீட்டு, அமுங்கலைன்னா கெட்ட சீட்டு. நானும் அழுத்துனவன்தான். பஞ்சு மாதிரி அமுங்குச்சு. ஆகா சொர்க்கம்னு வாங்கிட்டு வந்தேன். முதல் பத்து நிமிஷம் சொர்க்கமாத்தான் இருந்துச்சு. அப்புறம் என்ன ஆகும்? எலும்பு ரெண்டும் பஞ்சுக்குள்ள புதைஞ்சு இறங்கும், நடுவுல இருக்குற பஞ்சு மேல பிதுங்கும். பிதுங்கி எங்க போய் முட்டும்னு நான் விளக்கணுமா?

இது என் புலம்பல் மட்டும் இல்ல. 2002-ல வெளியான ஒரு ஆய்வுல, வேற வேற சீட்டுல ஆம்பளைங்களை உக்கார வச்சு ஓட்டச் சொல்லி, ஆணுறுப்புல ஆக்சிஜன் அளவு எவ்வளவு குறையுதுன்னு அளந்திருக்காங்க. குறுகலா, நிறைய பஞ்சு வச்ச சீட்டுலதான் ரொம்ப மோசம், 82 சதவீதம் குறைஞ்சிருக்கு. அகலமான, பஞ்சே இல்லாத, முன்னாடி நீட்டிக்கிட்டிருக்குற மூக்கும் இல்லாத சீட்டுல 20 சதவீதம்தான். பஞ்சு அதிகமா வச்சதுலதான் அதிகச் சேதம்! இதைத் தெரிஞ்சுக்காம நான் அந்தப் பஞ்சு சீட்டுக்கு மேலயே ஜெல் கவர் ஒண்ணு மாட்டினேன் பாருங்க, அந்த அறிவை எங்க போய்ச் சொல்ல. அது ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமும் வழுக்கி, உரசாத இடத்தையும் உரசி வச்சுது.

அகலம்தான் விஷயம். சட்டைக்குத் தோள் அளக்குறோம், செருப்புக்குக் கால் அளக்குறோம். உடம்பு எடையில பெரும்பங்கைப் போடுற சீட்டுக்கு மட்டும் அளவு கிடையாதாம், "ஆண்களுக்கான சீட்டு"ன்னு ஒரே அளவுல நீட்டுறாங்க. அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்குற தூரம் ஆளுக்கு ஆள் மாறும். ஆள் குண்டா ஒல்லியாங்கறதுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. அளக்குறதுக்கு மிஷின் எதுவும் வேண்டாம். வரிவரியா இருக்குற அட்டைப்பெட்டி அட்டையைக் கெட்டியான ஸ்டூல் மேல போட்டு, சைக்கிள்ல குனியுற மாதிரி குனிஞ்சு அழுத்தி உக்காந்து எழுந்திருங்க. ரெண்டு குழி விழும். ஒரு குழியோட நடுவுலேர்ந்து அடுத்த குழியோட நடு வரைக்கும் ஸ்கேல் வைங்க. எனக்கு 128 மி.மீ. நான் ஒரு வருஷமா உக்காந்திருந்த சீட்டோட மொத்த அகலம் 130. அதுலயும் ரெண்டு ஓரமும் கீழ சரிஞ்சு வளைஞ்சிருக்கும். அதாவது என் எலும்பு ரெண்டும் சரிவுல தொங்கிக்கிட்டு இருந்திருக்கு, நடுப்பகுதி கழுமரத்துல உக்காந்த கணக்கா எடை தாங்கியிருக்கு. அந்தக் குழிக்குக் குழி தூரத்தோட இருபது மில்லிமீட்டராவது கூட்டி சீட்டு அகலம் பாக்கணும், நிமிர்ந்து ஓட்டுறவங்க இன்னும் கொஞ்சம் கூட்டணும். அஞ்சு நிமிஷ வேலை. ஒரு வருஷத்துல ஒருத்தன் சொல்லலையே!

"பந்தயம் ஓட்டுறவங்க எல்லாம் ஒல்லி சீட்டுலதானே ஓட்டுறாங்க?"ன்னு ஒரு அறிவாளி கேட்டான். அவங்க மிதிக்குற மிதியில எடையில பெரும்பகுதி காலுக்குப் போயிடும் தம்பி. நாம பெடலைத் தடவிக்கிட்டே போறவங்க. நம்ம எடை முழுக்க சீட்டுலதான்.

அடுத்து துணி. இதுல பட்ட பாடுதான் பெரும்பாடு.

முதல்ல ஜீன்ஸ். ஜீன்ஸைத் திருப்பிப் போட்டுப் பாருங்க, நாலு தையல் வந்து ஒரே புள்ளியில முடிச்சுப் போட்டிருக்கும். அந்தப் புள்ளி சரியா எங்க வருதுன்னும் பாருங்க. அதை வடிவமைச்சவன் சைக்கிளைப் பாத்ததே இல்லன்னு சத்தியம் பண்ணுவேன். அடுத்தது காட்டன் ஷார்ட்ஸ். பருத்தி வேர்வையைக் குடிக்கும், விடாது. அரை மணி நேரத்துல ஈரத்துணியை வச்சுத் தேய்க்குற மாதிரிதான். மூணாவதாத்தான் இடுக்குல மெத்தையா பேடு வச்ச சைக்கிள் ஷார்ட்ஸ். இதுலயாவது விடிவுகாலம் வரும்னு பாத்தா, மூணு மாசம் அதே புண்ணு.

ஏன் தெரியுமா? உள்ள ஜட்டி போட்டிருந்தேன்!

அந்த ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடக் கூடாது. அந்த பேடே தோல்மேல நேரா படணும்னுதான் இடுக்குல தையல் வராம செஞ்சிருக்காங்க. அதுக்குள்ள நீங்க எலாஸ்டிக் தையலும் பருத்தியும் வச்ச ஜட்டியைப் போட்டா, வாங்குனதே வீண். இது ஷார்ட்ஸ் விக்கிறவனுக்குத் தெரியும், கூட ஓட்டுறவனுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். சொல்லக் கூச்சம். "அண்ணே, உள்ள ஒண்ணும் போடாதீங்க" — நாலே வார்த்தை. இந்த நாலு வார்த்தை ஒருத்தன் வாயிலேர்ந்து வர மூணு மாசமும் ஒரு டப்பா களிம்பும் ஆச்சு.

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. விளையாட்டுக்காரங்க போடுற அந்தத் தாங்கு ஜட்டி, ஜாக்ஸ்ட்ராப்புன்னு சொல்றோமே, அது யாருக்காக வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? குத்துச்சண்டைக்காரனுக்கா? இல்ல. 1874-ல அமெரிக்காவுல பென்னட்னு ஒருத்தர் அதைச் செஞ்சது, பாஸ்டன் நகரத்துக் கல் பாவிய தெருவுல சைக்கிள் ஓட்டி ஓட்டி அடிபட்டவங்களுக்காக. காத்தடிச்ச டயர் வராத காலம் அது. டன்லப் அதைக் கொண்டுவந்ததே 1888-லதான். ஆக, அந்தத் தாங்கு ஜட்டி பொறந்ததே சைக்கிள்காரனைப் பாத்துதான். நூத்தம்பது வருஷம் ஆச்சு. இன்னமும் நாம பழகிடும்னு சொல்லிக்கிட்டிருக்கோம்.

(அதுக்காக இப்ப போய் ஜாக்ஸ்ட்ராப்பை பேடுக்குள்ள போட்டுக்காதீங்க. அதோட பட்டையும் உரசும். ஒழுங்கா இறுக்கமா இருக்குற ஷார்ட்ஸே அந்த வேலையைப் பாத்துக்கும்.)

இறுக்கம்னதும் ஞாபகம் வருது. "ஒரு சைஸ் பெருசா எடு, ஃப்ரீயா இருக்கும்"னு ஒரு ஆலோசனை. ஃப்ரீயாத்தான் இருந்துச்சு, பேடு ஒரு திசை, நான் ஒரு திசை. லூசா இருந்தா பேடு நகரும், நகர்ந்தா அது பேடு இல்ல, உப்புத்தாள். நிக்கும்போது டயப்பர் கட்டுன மாதிரி, கொஞ்சம் குனிஞ்சு நடக்கச் சொல்ற மாதிரி இருந்தாத்தான் அளவு சரி. அது நடக்கத் தைச்சது இல்ல, குனிஞ்சு உக்காரத் தைச்சது. தோள்ல பட்டை வச்ச பிப் ஷார்ட்ஸ் இன்னும் உத்தமம், வயித்துல எலாஸ்டிக் அறுக்காது, பேடும் இடம் மாறாது. அவசரமா ஒண்ணுக்குப் போகணும்னா மட்டும் கடவுள்தான் துணை.

இதை ஆன்லைன்ல வாங்கலாம்னு பாத்தா அங்க ஒரு கொடுமை. பத்து போட்டோ போடுவான். மாடல் முன்னாடி நிப்பான், பின்னாடி நிப்பான், பக்கவாட்டுல வானத்தைப் பாப்பான். நான் காசு குடுக்குறது எதுக்கு? உள்ள இருக்குற பேடுக்கு. அதை மட்டும் காட்ட மாட்டான்! தடிமன் எவ்வளவு, எந்த இடத்துல எவ்வளவு அடர்த்தி, நடுவுல பள்ளம் இருக்கா, ஒரு தகவலும் கிடையாது. "ப்ரோ", "எலைட்", "அல்ட்ரா"ன்னு பேரு மட்டும் இருக்கும். கீழ விமர்சனத்தைப் படிச்சா, "கலர் அருமை, சீக்கிரம் வந்துச்சு." அஞ்சு ஸ்டார். அடப்பாவி, நீ அதைப் போட்டுக்கிட்டு ஓட்டினியா இல்லியா?

சீட்டையும் துணியையும் சரி பண்ணியாச்சு, இன்னும் கொஞ்சம் மரத்துப்போச்சு. பாத்தா சீட்டோட மூக்கு மேல பாத்துக்கிட்டு இருக்கு. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. போன்ல மட்டம் பாக்குற ஆப்பை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். உடனே ஆவேசத்துல மூக்கை நல்லா கீழ சாய்ச்சேன். இப்ப உடம்பு முன்னாடி சறுக்கி, எடையெல்லாம் உள்ளங்கையில இறங்கி, கை மரத்துப்போச்சு. எதையாவது ஒண்ணை மரக்க வைக்காம இந்த சைக்கிள் விடாது போல. கடைசியில மட்டத்துலேர்ந்து ஒரு துளி கீழ, அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு. சீட்டு உயரமும் அப்படித்தான். ரொம்ப ஏத்தி வச்சா பெடலை எட்ட இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடும், அந்த ஆட்டம்தான் தோலைத் தேய்க்கும்.

பயமுறுத்துறதுக்காக இதைச் சொல்லல. சைக்கிள் ஓட்டினா ஆண்மை போயிடும்னு கிளப்பி விடுறவங்க மேலயும் எனக்கு அதே கோபம்தான். 2018-ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணுல, சைக்கிள்காரங்களோட பாலியல் நலம் நீச்சல்காரங்களையும் ஓட்டக்காரங்களையும் விட மோசமா இல்லைன்னுதான் வந்துச்சு. ஆனா மரத்துப்போறது மட்டும் இவங்களுக்குத்தான் அதிகம். ஓட்டுற நேரத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல சீட்டை விட்டு எழுந்து நின்னு மிதிக்கிறவங்களுக்கு அது குறைவுன்னும், கைப்பிடி சீட்டை விடத் தாழ்வா இருந்தா கூடுதல்னும் அதே ஆய்வு சொல்லுது. நாள் முழுக்க சைக்கிள்ல ரோந்து போற அமெரிக்கப் போலீஸ்காரங்க 90 பேருக்கு அங்க அரசாங்கத்தோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமே மூக்கில்லாத சீட்டைக் குடுத்து ஆறு மாசம் ஓட்டச் சொல்லிச்சு. மரத்துப்போகலைன்னு சொன்னவங்க முதல்ல 27 சதவீதம், முடிவுல 82. அதாவது அவங்களும் மரத்துப்போய்த்தான் கிடந்திருக்காங்க. வித்தியாசம் என்னன்னா, அங்க யாரோ ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டிருக்காங்க.

இப்ப எனக்குப் புண்ணு இல்ல, மரப்பு இல்ல. 150 மி.மீ. அகலம், நடுவுல பள்ளம் வச்ச கெட்டியான சீட்டு. கட்டைவிரலால அழுத்திப் பாத்தவங்க எல்லாம் "இது கல்லு மாதிரி இருக்கே, இதுலயா ஓட்டுற?"ன்னு பரிதாபமா பாக்குறாங்க. பாத்துட்டுப் போகட்டும். ஷார்ட்ஸும் ஒருவழியா ஒண்ணு அமைஞ்சுது. ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடிச்சதும் உள்பக்கத்தை வெளிய திருப்பி நானே துவைக்கிறேன், கம்ஃபர்ட்டு கிம்ஃபர்ட்டு எதுவும் ஊத்த விடுறதில்ல, துணியோட இழுவை போயிடும்.

ஆனா பேடு காயத் தொலைக்க மாட்டேங்குது. ராத்திரி துவைச்சா காலையில ஈரம். சரி, அதே மாடல்ல இன்னொரு ஜோடி வாங்கிடுவோம்னு நேத்து தேடினேன்.

நிறுத்திட்டாங்களாம். அதுக்குப் பதிலா "புதுமெருகோட" ஒண்ணு வந்திருக்கு. பேடு முன்னைவிட மெத்துன்னு இருக்குமாம்.