அரேத்தா தேவாலயத்தை எப்போது விட்டுப் போனார்?
கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையில் பேர் வாங்கிய பிறகு 1972-இல் அமெரிக்கப் பாடகி அரேத்தா பிராங்க்ளின், தேவாலயப் பக்தி இசையான காஸ்பலுக்குத் திரும்பினார் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 'திரும்பினார்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. டெட்ராய்ட்டில் பிரசங்கியாராக இருந்த அப்பா சி.எல். பிராங்க்ளினின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர் அவர். 1967-இல் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பியானோ முன் உட்கார்ந்து பாடினாரே, காதல் பாட்டுத்தான், ஆனால் குரலும் விரலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பழகியவை. லாஸ் ஏஞ்சல்ஸ் தேவாலயத்தில் இரண்டு இரவு நடந்த அந்த 1972 காஸ்பல் பதிவின் திரைப்படத்தைப் பாருங்கள். மகள் வாசித்துக்கொண்டே பாட, அப்பா எழுந்து வந்து அவர் முகத்து வியர்வையைத் துடைத்துவிடுவார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் ஆலயத்தை விட்டு உண்மையில் போனதே இல்லை என்று அந்தக் கூட்டத்தில் அப்பாவே சொல்கிறாரே!