லொக் எடுக்கிறவன் எல்லாம் கள்ளன் இல்லை

நேற்றிலிருந்து அந்தப் படத்தை எனக்கு அனுப்பாத ஆளில்லை. கொழும்பு புறக்கோட்டைக் கடையில் ஒரு தம்பியின் லப்டொப்பில் அன்லொக் டூல், அதாவது போன் லொக்கை எடுக்கிற சொப்ட்வெயார், திறந்திருக்கிறதாம், உடனே "களவு போன் இங்கேதான் திறபடுகிறது" என்று எழுதியாயிற்று. வலிக்கிறது. 11 வருடமாக எனக்கும் அந்த டூலில்தான் சோறு.

டூல் வைத்திருப்பது குற்றமில்லை. போனை ரீசெட் செய்தால் பழைய கூகுள் கணக்கைக் கேட்கிற எஃப்ஆர்பி லொக், 2015இல் அண்ட்ராய்ட் 5.1உடன் வந்தது. களவைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் சொந்த ஜிமெயிலை மறந்தவர்கள்.

போன மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா வந்தார். வெளிநாட்டில் இருக்கிற மகன் போட்டுக்கொடுத்த கணக்கு, பாஸ்வேர்டு மகனுக்கும் நினைவில்லை. பெட்டியும் பில்லும் சொப்பிங் பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். அவசர அழைப்புத் திரையில் *#06# அடித்து, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கிற ஐஎம்இஐ எண்ணை எடுத்து, பெட்டியில் இருந்த எண்ணோடு 15 இலக்கத்தையும் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தேன். மீடியாடெக் சிப் போன். இரண்டு வொலியூம் பட்டனையும் அழுத்திப் பிடித்துக் கேபிளைச் செருகினேன், டூல் போனைப் பிடித்துக்கொண்டது, லொக் போனது. அன்றிரவே மகனுடன் வீடியோவில் பேசிவிட்டு எனக்கும் அழைத்து, "தம்பி, நல்லாயிருப்பீங்க" என்றார். இவரும் கள்ளியா?

டூலைப் போட்டு எங்கள் போட்டோவைப் பார்க்கிறீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, எஃப்ஆர்பி கேட்கிறது என்றாலே போன் ஏற்கெனவே ரீசெட் ஆகிவிட்டது, உள்ளே இருந்த போட்டோவெல்லாம் அப்போதே போய்விட்டது. மெமரி கார்டு இருந்தால் அதையும் முதலில் கழற்றி உங்கள் கையில்தான் தருகிறேன்.

சரி, களவு போனே வராதா? வரும். பெட்டியைக் கேட்டால் முறைப்பார்கள், திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படி வந்தவன் பக்கத்துக் கடைக்குப் போனால் அதற்கு நான் என்ன செய்ய?

வைரஸ் ஏற்றிய இலவச கிராக் டூல் எவ்வளவோ கிடக்கிறது. அதைத் தொடாமல் வருடா வருடம் காசு கட்டி லைசன்ஸ் எடுக்கிறோம், அதை யாரும் படம் பிடிப்பதில்லை. கம்பனிச் சேர்விஸ் சென்டரில் மதர்போர்டு மாற்றச் சொன்ன போனை நாங்கள் சொப்ட்வெயார் ஏற்றியே எழுப்பிக் கொடுத்திருக்கிறோம், அப்போதெல்லாம் நாங்கள் "தங்கமான பொடியன்கள்".

அந்தத் தம்பி நேற்று லப்டொப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்தான். முகம் தெரிகிற படம் அது. தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள்.