சிரிப்பு நாடகத்துக்கும் ஒரு சாயங்காலம் கொடுங்கள்

திருவிழாக் கமிட்டிகளில் இருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னிசைக் கச்சேரிக்கு ஒரு ராத்திரி ஒதுக்குகிறீர்கள், பட்டிமன்றத்துக்கு ஒரு ராத்திரி, ஆடல் பாடலுக்கு ஒரு ராத்திரி. சரி, அதையெல்லாம் நிறுத்தச் சொல்லவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் நடிக்கும் சின்னச் சின்னச் சிரிப்பு நாடகங்களுக்கும் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். கச்சேரி வேன் வந்து சேரும் வரை கூட்டத்தை உட்கார வைக்கிற வேலையாக அல்லாமல், முழுசாக ஒரு சாயங்காலமாகக் கொடுங்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊருக்கு மேற்கே தென்கடல் ஓரத்து ஊர் ஒன்றில் மே மாதம் மாதா கோயில் திருவிழா. அந்த ஊர் இளைஞர்கள் நான்கு குறுநாடகங்களைத் தயார் செய்துவிட்டு மேடை கேட்டிருக்கிறார்கள். பத்து நாளும் நிகழ்ச்சி நிரம்பிவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. பிள்ளைகள் சண்டைக்குப் போகவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் காலியாகக் கிடந்த மீன் ஏலக்கூடத்தைக் கழுவிவிட்டு, தார்ப்பாயை விரித்து, அங்கேயே நடத்திவிட்டார்கள். நான் அதைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

இடம் கிடைக்காதவர்கள் ஓரத்தில் கூடி நடிப்பதற்குப் பெரிய வரலாறே இருக்கிறது. 1947-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் முதல் சர்வதேசக் கலை விழா நடந்தபோது, அழைப்பே இல்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாக வந்து, கிடைத்த இடத்தில் நடித்தன. அப்படித்தான் எடின்பரோ ஃபிரிஞ்ச் விழா பிறந்தது. ஃபிரிஞ்ச் என்றால் ஓரம். இன்றைக்கு ஆகஸ்ட் மாதம் அந்த ஊரில் தேவாலயக் கூடம், மதுக்கடையின் பின்னறை என்று எங்கே திரும்பினாலும் நாடகம்தான். இன்ன நாடகம் வரலாம், இன்னது வரக்கூடாது என்று ஃபிரிஞ்ச் சங்கம் தேர்வு செய்வதில்லை. இடம் கொடுக்க ஒருவர் சம்மதித்தால் போதும். பத்து நிமிட நாடகங்களுக்கென்றே சிட்னியில் 2002-ல் தொடங்கிய ஷார்ட் அண்ட் ஸ்வீட் விழா சென்னை வரைக்கும் வந்தது. ராமநாதபுரம் கடற்கரைக்கு யாரும் கொண்டுவரவில்லை. நம் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

முதல் நாடகம் ரேஷன் கடையில் நடக்கிறது. கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் ஆத்தா கைரேகை வைக்க வருகிறார். பாறையும் பவளமும் கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றியிருக்கிறார். வரிசை நீண்டுகொண்டே போகிறது, ஆத்தா நிதானமாக ஒவ்வொரு துணியாகப் பிரிக்கிறார். பிரித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த விரல். வசனமே இல்லை. கூடமே சிரிக்கிறது. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று, ரேகை விழவில்லை. "மிஷின் உங்களத் தெரியாதுங்குது ஆத்தா" என்கிறான் கடைக்காரத் தம்பி. "எனக்கும் அதத் தெரியாதுன்னு சொல்லு, அரிசியப் போடு" என்கிறார் ஆத்தா.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப்பேர் பாசிக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒரு மதினி தன் கையை விரித்து, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிக் காட்டிச் சிரித்தார். விரல் நுனி வழவழவென்று தேய்ந்திருந்தது. இந்தக் கஷ்டத்தை மனுவாக எழுதிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். மேடையில் வைத்துச் சிரிக்கவும் முடியும் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

ஆத்தாவாக நடித்தது நர்சிங் படிக்கும் பெண். அவர் அம்மா முதல் வரிசையில் இருந்தார். நாடகத்தில் நடிக்கும் பெண்ணை நம் ஊர்கள் என்னவெல்லாம் பேசியிருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஊரில், அம்மா பார்த்திருக்க மகள் வந்து நின்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தாள். இதற்காகவே அந்த ஊருக்கு ஒரு கும்பிடு.

அடுத்தது பெண் கேட்கப் போய்ச் சண்டையில் முடியும் கதை. ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் 1888-ல் எழுதிய ஓரங்க நாடகத்தை எடுத்து நம் மண்ணுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் கதையில் சண்டை முதலில் ஒரு புல்வெளிக்காக, அப்புறம் நாய்களுக்காக. இங்கே அது வரப்போரத்துப் பனைகளுக்காகவும், நம் ராமநாதபுரத்து மண்டை இன நாய் ஒன்றுக்காகவும் ஆகிவிட்டது. எங்கேயும் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியவில்லை. கல்யாணப் பேச்சில் சொத்துத் தகராறு நுழைவதற்கு நம்மிடம் என்ன பஞ்சம்?

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தனுஷ்கோடியில் நிற்கும் மீனவர் ஒருவரின் போன், அக்கரை டவரைப் பிடித்துவிடுகிறது. இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி வருகிறது. அதைப் படித்துக்காட்டியபடியே மனைவியிடம் பேசுகிறார். "யாரக் கேட்டு இலங்கைக்குப் போனீக?" என்று அங்கிருந்து ஒரே அழுகை. "நான் தாண்டலத்தா, போன்தான் தாண்டிருச்சு!" இதைச் சொன்னதும் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. இந்தியாவும் இலங்கையும் 1974-லும் 1976-லும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் இழுத்த எல்லைக்கோட்டைத்தான் அந்த போன் தாண்டியது. அந்தக் கோட்டுக்காக அப்பாவோ அண்ணனோ சிறைக்குப் போய்வந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். ஒரு சிரிப்பு நாடகம் செய்யக்கூடிய பெரிய வேலை இது என்று நினைக்கிறேன். பயந்த விஷயத்தைப் பதினைந்து நிமிஷத்துக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

நான்காவது சரியில்லை. ஆண் பிள்ளை சேலை கட்டி வந்து குண்டான பெண்ணைக் கேலி செய்வது, கறுப்பைக் கேலி செய்வது. டிவியில் பார்த்துப் பழகியதை அப்படியே இறக்கியிருந்தார்கள். நீளமும் அதிகம். இதே பிள்ளைகள் தங்கள் தெருவைப் பார்த்து எழுதியபோது பிரமாதமாக எழுதியிருக்கிறார்களே, அந்தக் கண் இங்கே எங்கே போயிற்று? நாடகம் முடிந்ததும் அவர்களிடமே சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

சின்ன நாடகம்தானே, சிரிப்புதானே, சும்மா செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கால் மணி நேரத்தில் ஆளைக் காட்டி, சிக்கலைக் காட்டி, சிரிக்கவும் வைத்து இறங்க வேண்டும். முதல் நிமிஷத்தில் கூட்டம் கைக்குள் வராவிட்டால் அப்புறம் வராது. ஆத்தாவாக நடித்த பெண், ஒவ்வொரு சிரிப்பும் ஏறி இறங்கத் தொடங்கும் வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொன்னார். நான்காவது நாடகத்தில் சிரிப்பின் மேலேயே பேசினார்கள், பாதி வசனம் விழுங்கப்பட்டுவிட்டது. கடற்கரையில் காற்று வேறு. மேடையைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்ததால், தென்மேற்கிலிருந்து அடித்த காற்று பேச்சைக் கூட்டத்தின் பக்கம் கொண்டுவந்தது. மைக்குக்குத் துணி சுற்றியிருந்தார்கள். இதையெல்லாம் யோசித்துச் செய்த பிள்ளைகளை விளையாட்டுப் பிள்ளைகள் என்று தள்ளிவிடாதீர்கள்.

இந்தக் கலையின் வாத்தியார்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஸ்பெஷல் நாடகத்து பபூன்களை, அதாவது கோமாளி வேஷக்காரர்களைத்தான் சொல்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் நாடகத்தை ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடத்துவார்கள். நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்வார்கள், கூடி ஒத்திகை பார்ப்பதே கிடையாது. முன்பின் பழக்கமில்லாத கூட்டத்தின் முன் முதலில் வந்து நின்று, ஹார்மோனியக்காரரை வம்புக்கு இழுத்து, எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைப்பவர் பபூன்தான். மழைக்காலத்தில் நாடகம் கிடைக்காமல் அவர்கள் வீட்டில் இருக்கும் மாதங்களில் அழைத்து, சம்பளம் கொடுத்து, நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம். சம்பளம் கட்டாயம். மரியாதைக்குப் பொன்னாடை போட்டு அனுப்பிவிடும் வேலை வேண்டாம்.

காலமும் தோதாகத்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், மே மாதம் பள்ளிக்கூடமும் லீவு. சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடிந்துவிடும், பெண்களும் குழந்தைகளும் தூக்கம் கெடாமல் பார்க்கலாம். ஆறு நாடகம், ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. யார் பெயர் கொடுத்தாலும் இடம் உண்டு என்று இருக்கட்டும். உருவத்தையும் நிறத்தையும் சாதியையும் கேலி செய்யக் கூடாது என்பது மட்டும் கட்டுப்பாடு. இரண்டு மைக், நாலு விளக்கு, ஒரு தார்ப்பாய், ஒரு ஏலக்கூடம் போதும். ஒரு கச்சேரிக்குக் கொடுக்கும் அட்வான்ஸில் இந்தச் செலவு அடங்கிவிடும்.

அடுத்த தடைக்காலத்துக்குத் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் எந்த ஊர்க் கமிட்டி ஒரு சாயங்காலம் ஒதுக்கத் தயாராக இருக்கிறதோ, கீழே எழுதுங்கள். நாடகம் எழுதி வைத்திருக்கும் தம்பி தங்கைகளும் எழுதுங்கள். பிள்ளைகளையும் ஊரையும் சேர்த்துவைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.