என் அம்மா விலைபோனவள் இல்லை

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு சின்னக் கட்சி நடத்திய தெருமுனைக் கூட்டத்தின் வீடியோவை நான் மறுபடியும் இங்கே போடவில்லை. என் பக்கத்துக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் பார்த்தாயிற்று. கட்சிப் பெயரையும் எழுதவில்லை, எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியும். எனக்குச் சண்டை, மேடையில் நின்றவர் சொன்ன ஒரே ஒரு பேச்சோடுதான். "நாங்க பேசுறது சரின்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஐநூறு ரூபாய்க்கு விலைபோன ஜனம் எப்படி எங்களுக்குப் போடும்?" கீழே கைதட்டல்.

அந்த ஜனத்தில் என் அம்மா இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

அவர்கள் பேசுவதில் பத்துக்கு எட்டு எனக்குச் சம்மதம். தாமிரபரணியில் சாக்கடை கலக்கக் கூடாது, மணல் அள்ளக் கூடாது, ஆக்கிரமித்த குளங்களை மீட்க வேண்டும், எல்லாம் சரி. கங்கைகொண்டான் குளிர்பானக் கம்பெனிகளுக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுப்பதற்கு இருந்த தடையை 2017-இல் உயர் நீதிமன்றம் நீக்கியபோது எனக்கும் வயிறு எரிந்தது. இவ்வளவு ஒத்துப்போயும் நான் அவர்களுக்கு ஓட்டுப் போடவில்லை. ஏன் என்று ஒருநாளாவது கேட்டார்களா? நேராக மேடை ஏறி, விலைபோய்விட்டான் என்று முடித்துவிட்டார்கள்.

ஒருவர் பேச்சு நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக உடனே பெண் கொடுத்துவிடுவோமா? நாலு இடத்தில் விசாரிப்போம். நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பாரா என்று பார்ப்போம். ஓட்டும் அப்படித்தான். கருத்து ஒத்துப்போவது வேறு, பொறுப்பை ஒப்படைப்பது வேறு.

என் அப்பா இறந்தது ஐப்பசி மாதம், நல்ல மழை. சிந்துபூந்துறையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ராத்திரி பதினோரு மணிக்கு ஐஸ் பெட்டியும் நாற்காலிகளும் தார்ப்பாயும் வந்து இறங்கின. கொண்டுவந்தவர் பெரிய கட்சி ஒன்றின் வட்டச் செயலாளர். விடிய விடியக் கூடவே உட்கார்ந்திருந்தார். மறுவாரம் இறப்புச் சான்றிதழ் வாங்கித் தந்தார். அம்மாவின் விதவை உதவித்தொகைக்கு மனு எழுதி, தாலுகா ஆபீஸுக்கு மூன்று தடவை கூடவே நடந்தார். அந்த மனிதர் ரோடு கான்ட்ராக்டில் கமிஷன் அடிக்கிறார் என்பது எனக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனால் துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வந்தவர் அவர்.

ஆற்றைக் காப்பாற்றுவோம் என்று மைக்கில் பேசுகிற கட்சிக்காரர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். துட்டி கேட்கவும் வரவில்லை. இத்தனைக்கும் என் முகநூல் பதிவு எல்லாவற்றுக்கும் விருப்பம் போடுகிறவர் அவர்.

இதைச் சொன்னால், "அண்ணாச்சி, ஐஸ் பெட்டிக்கு ஓட்டா?" என்று ஒரு தம்பி கேட்பான், தெரியும். ஆமாம் தம்பி, ஒரு பங்கு அதற்கும்தான். ஒரு மனுஷி வீட்டுக்காரரைப் பறிகொடுத்து நிற்கிற ராத்திரியில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அவள் கணக்கில் வைக்கக் கூடாது என்று சொல்ல நீ யார்?

அப்புறம் அந்த ஐநூறு ரூபாய். மறைக்க ஒன்றுமில்லை, அம்மா வாங்கினாள். வாங்கியது தப்பு, சட்டப்படியும் தப்பு. நான் திட்டினேன். அவள் சொன்னாள்: "ரெண்டு கட்சிக்காரனும்லா குடுத்தான். ரெண்டு பேருக்குமா போட முடியும்? நான் போட வேண்டியவனுக்குத்தான் போட்டேன்." இதற்குப் பதில் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பணம் வந்த வீட்டில் ஓட்டை முடிவு செய்தது பணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? பணம் வராத வீடுகளும் எங்கள் தெருவில் இருந்தன. அங்கேயும் உங்களுக்கு விழவில்லையே.

வள்ளியூரில் என் மாமா இருக்கிறார், ராதாபுரம் தொகுதி. கூடங்குளம் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரைப் பந்தலில் நாள்கணக்கில் உட்கார்ந்தவர். 2016-இல் அதே தொகுதியில் அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமாரன் நின்றார். மாமா அவருக்குப் போடவில்லை. பெரிய கட்சி இரண்டில் தனக்கு ஆகாத ஒன்று வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் இன்னொன்றுக்குப் போட்டார். அந்தத் தடவை ராதாபுரத்தில் திமுக வேட்பாளர் அப்பாவு தோற்றது வெறும் 49 ஓட்டில். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது ஊருக்கே தெரியும். 49 ஓட்டு என்பது ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை. அப்படிப்பட்ட ஊரில் பயந்து போட்ட மனுஷனைக் கொள்கை இல்லாதவர் என்று சொல்வீர்களா? பந்தலில் தன்னோடு உட்கார்ந்திருந்தவர்களை நேருக்கு நேர் பார்க்கவே அவர் ரொம்ப நாள் சங்கடப்பட்டார். அந்தச் சங்கடத்தை மேடையில் இருப்பவர் பார்த்ததில்லை.

இந்தத் தேர்தல் முறையே அப்படித்தான் இருக்கிறது. 2006-இல் தேமுதிக 8 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கியும் கிடைத்தது ஒரே இடம், விருத்தாசலம். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் பத்தாயிரமும் போய்விடும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிற ஜனம், ஓட்டு வீணாகிவிடுமோ என்று பயப்படத்தான் செய்யும். "எல்லாரும் இப்படியே நினைத்தால் சின்னக் கட்சி எப்படி வளரும்?" என்பார்கள். வளர்வது உங்கள் வேலை. என் அம்மாவைத் திட்டி வளர முடியாது.

கூடவே இருந்து உழைத்தவர்களை மட்டும் ஜெயிக்க வைத்தோமா என்று கேட்டால், அங்கே எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஸ்ரீவைகுண்டத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயாவை விடவா ஒருவர் கூடவே இருக்க முடியும்? 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடித் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து வருடத் தடை வாங்கினார். அவர் 1999-இல் கோவையில் நாடாளுமன்றத்துக்கு நின்றபோது தோற்கத்தான் செய்தார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் ஓட்டுப் போடாத ஜனத்தை அவர் ஒரு வார்த்தை இழிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் போடாதவர்களும் அவரை ஐயா என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதியது நியாயமாகாது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழை. ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏற்றியவன், மேடையில் எங்களை விலைபோன ஜனம் என்ற இதே கட்சியின் பையன். கொடி இல்லை, துண்டு இல்லை, ஜட்டியோடு நின்றான். மூன்று நாள் தெருவில் பால் பாக்கெட் கொடுத்தான். அம்மா அன்றைக்கே சொன்னாள்: "இந்தப் பிள்ள நின்னான்னா நான் போடுவேம்ல."

அவன் பெயரைக் கட்சி பரிசீலிக்கக்கூட இல்லை. எங்கள் தொகுதிக்கு வேட்பாளர் வெளியூரிலிருந்து வந்தார். ஊர் வழி தெரியாமல், டவுனுக்கு எந்தப் பாலம் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டார். அந்தப் பையனைத்தான் அவருக்கு வண்டி ஓட்ட அனுப்பினார்கள்.

அந்த வீடியோவில் மேடைக்குக் கீழே மைக் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவன்தான். கவனித்துப் பாருங்கள், எல்லாரும் கைதட்டும்போது அவன் தட்டவில்லை.