போஞ்சிப் பந்தலும் பக்கத்துத் தக்காளியும்

இடம்: லண்டனில் ஹரோ பக்கம் ஒரு அலொட்மென்ட், அதாவது மரக்கறி வளர்க்கத் துண்டு துண்டாக வாடகைக்கு விடும் தோட்டக் காணி. மே மாதக் கடைசி, உறைபனிப் பயம் போய் எல்லோரும் ரன்னர் போஞ்சிக் கன்றுகளை வெளியே இறக்குகிற நேரம். அண்ணை ஓய்வு பெற்றவர், அந்த மண்ணில் பழம் தின்று கொட்டை போட்டவர். தங்கச்சிக்குத் துண்டு கிடைத்தது போன வருசம்தான், ஆனால் எக்செல் ஷீட் இல்லாமல் மண்வெட்டியைத் தொடமாட்டார். அண்ணையின் துண்டுக்கு நேர் வடக்கே தங்கச்சியின் துண்டு. (திசையை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.)

தங்கச்சி: என்ன அண்ணை, இந்த வருசமும் போஞ்சி அதே இடத்திலா?

அண்ணை: வேறு எங்கே வைக்க? அதுக்கு அந்த இடம் பழகிவிட்டது.

தங்கச்சி: இடம் பழகினது போஞ்சிக்கு இல்லை, வேரழுகல் பூஞ்சைக்கு. ஒரே பயிரை ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப வைத்தால் அதுக்குரிய நோயெல்லாம் அங்கேயே குடியேறிவிடும், வருசக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது, உங்கள் போஞ்சி வேர் வந்ததும் பந்தி விரித்த மாதிரி எழும்பி உட்கார்ந்து சாப்பிடும்.

அண்ணை: இருபது வருசமாகப் பந்தி விரிக்கிறேன், ஒருத்தரும் சாப்பிட வரவில்லையே.

தங்கச்சி: அதுதான் அண்ணை எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணை: இங்கே பார் பிள்ளை, முட்டைக்கோவா என்று சொல்லு, ஒத்துக்கொள்கிறேன். கிளப்ரூட் என்கிற வேர் வீங்கும் நோய் வந்த மண்ணில் அது இருபது வருசம்கூடக் கிடக்கும், அதனால் கோவாவை ஒரு இடத்தில் இருக்க விடமாட்டேன். வெங்காயத்துக்கு வெள்ளை அழுகல், உருளைக்கிழங்குக்கு வேர்ப்புழு, அதுகளையும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். போஞ்சி அந்தச் சாதி இல்லை. இந்த ஊர்க் கிழவர்கள் எத்தனையோ பேர் ரன்னர் போஞ்சியை ஆயுள் முழுக்க ஒரே பள்ளத்தில் வைத்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

தங்கச்சி: எதனால் போய்ச் சேர்ந்தார்கள் என்று விசாரித்தீர்களா?

அண்ணை: (கேட்காத மாதிரி) இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா மலைப்பக்கத்துக் கொடி. அங்கே பல்லாண்டுப் பயிர். அடியில் கிழங்கு வைத்து, மேலே காய்ந்தாலும் அடுத்த வருசம் அதே இடத்தில் முளைக்கும். மலையை யார் போய் இடம் மாற்றி வைக்கிறார்கள்?

தங்கச்சி: மலையில் அதைச் சுற்றி நூறு வகைச் செடி நிற்கும். இங்கே போஞ்சி, போஞ்சி, போஞ்சி, அப்புறம் உங்கள் கதிரை.

அண்ணை: சரி, இதைக் கேள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்தபோது காயை யாரும் தேடவில்லை, அந்தச் சிவப்புப் பூவுக்காகத்தான் வளர்த்தார்கள். பூச்செடியை யாராவது வருசா வருசம் தூக்கிக்கொண்டு திரிவார்களா? நீ ரோஜாவை மாற்றுகிறாயா?

தங்கச்சி: ரோஜாவைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் புது ரோஜா வைத்துப் பாருங்கள், சரியாக வராது. அதுக்கும் மண்ணில்தான் வில்லங்கம்.

அண்ணை: (சற்று நேரம் கன்றுக்கு மண் அணைக்கிறார்) உன்னோடு ரோஜாவைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. பள்ளத்தைப் பார். மாரி முழுக்க வீட்டுக் கழிவு, மரக்கறித் தோல், ஈரப் பேப்பர் எல்லாம் போட்டு மூடி வைத்த பள்ளம், பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடிக்கும். போஞ்சிக்கு வேரில் தண்ணீர் இல்லையென்றால் பூ பூவாகவே கொட்டிப்போகும். இவ்வளவு வேலை செய்த இடத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறாயே.

தங்கச்சி: அந்தப் பேப்பரோடு வாடகைக் கடிதத்தையும் புதைத்ததாக அக்கா சொன்னா.

அண்ணை: அதுவும் தாள்தானே, உக்கிவிடும்.

தங்கச்சி: நினைவூட்டல் கடிதம் வந்ததா?

அண்ணை: அது அடுத்த மாரிக்கு. இன்னொன்று சொல்கிறேன், போஞ்சி வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதே, அதிலுள்ள பக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் போடும். ஆகவே அங்கே சத்து வருசா வருசம் ஏறிக்கொண்டே போகிறது, வங்கி வட்டி தோற்றுப்போகும்.

தங்கச்சி: அதில் பெரும்பங்கு காய்க்குள் போய், காய் உங்கள் சட்டிக்குள் போய்விடுகிறது. மிச்சமாக வேரில் இருப்பது அடுத்து வைக்கிற கோவாவுக்குப் போகட்டும் என்றுதான் இடம் மாற்றச் சொல்கிறார்கள். போஞ்சிக்கே திரும்பக் கொடுத்து என்ன பயன்? சத்துக் கூடிய மண்ணில் கொடி இலையாகவே தள்ளும், முடிச்சும் குறையும். (பந்தல் குழாயை ஆட்டிப் பார்க்கிறார். அசையவில்லை.) அண்ணை, இது என்ன?

அண்ணை: எது?

தங்கச்சி: இந்தக் குழாய் ஏன் அசையமாட்டேன் என்கிறது?

அண்ணை: கொஞ்சம் ஆழமாக ஊன்றினது.

தங்கச்சி: (குனிந்து மண்ணைக் கிளறுகிறார்) கொங்கிரீட்! மெக்சிகோ, ரோஜா, வங்கி வட்டி, கடைசியில் கதை இதுதானா? மூங்கில் தடியை ஊன்றி, வருசம் முடியப் பிடுங்கி வைக்கிற பந்தலுக்கு ஸ்கஃபோல்டிங் குழாயும் கொங்கிரீட்டுமா?

அண்ணை: ஒரு ஆகஸ்ட் காற்றில் மூங்கில் பந்தல் காயோடும் பூவோடும் அப்படியே படுத்துவிட்டது. அடுத்த நாளே சீமெந்து வாங்கிவிட்டேன். (பெருமூச்சு) சரி, நீ படித்த பிள்ளை சொல்கிறாய். உன் ஷீட் என்ன சொல்கிறது? எங்கே மாற்ற?

தங்கச்சி: (உற்சாகமாக போனை எடுத்து) சுலபம் அண்ணை. உருளைக்கிழங்குக்குப் பின்னால் போஞ்சி, போஞ்சிக்குப் பின்னால் கோவா. போன வருசம் உருளைக்கிழங்கு எங்கே போட்டீர்களோ, அங்கே.

அண்ணை: அந்த எல்லைப் பாத்தியிலா? உன் தக்காளிக்கு ஒட்டினாற்போல் இருக்கிறதே, அதிலா?

தங்கச்சி: ஓம், அதிலேதான், நல்லாகக் கிண்டின மண்...

(போனைப் பார்க்கிறார். பந்தலைப் பார்க்கிறார். சூரியனைப் பார்க்கிறார்.)

அண்ணை: எட்டடிப் பந்தல். நீளத்துக்கு வைத்தால் இருபதடிச் சுவர். பசேல் என்று இருக்கும்.

தங்கச்சி: அண்ணை, செப்டம்பர் கடைசியில் இங்கே நண்பகல் சூரியனே தெற்கே 40 பாகைக்குக் கீழேதான் நிற்கும். எட்டடிக்குப் பத்தடி நிழல், அதுவும் வடக்கே என் பக்கம். என் தக்காளி பழுக்கிற நேரம் அது.

அண்ணை: பச்சைத் தக்காளியில் நல்ல சட்னி வரும்.

தங்கச்சி: இல்லை, நான் யோசித்துப் பார்த்தேன்... மெக்சிகோ என்று சொன்னீர்களே, அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அண்ணை: என்ன நியாயம்? அங்கே சுற்றிவர நூறு வகைச் செடி நிற்குமே.

தங்கச்சி: இரண்டு பேருடைய சப்பாத்திலும் மண் ஒட்டி எல்லாப் பாத்திக்கும் போகிறது, பூஞ்சைக்கு அதில் ஏறிப் போகத் தெரியாதா? இந்தச் சின்னத் துண்டில் பத்தடி தள்ளி வைத்து என்ன வந்துவிடப் போகிறது?

அண்ணை: பட்டினி கிடக்கும் பூஞ்சை, பிள்ளை. எனக்கு இப்போதுதான் பயம் பிடிக்கிறது. கொங்கிரீட் உடைக்க நாளைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன்.

தங்கச்சி: நோய் வந்தால் அடித்தண்டு பழுப்பாகிக் கீழ் இலை மஞ்சளாகும். உங்கள் கொடியில் இருபது வருசமாக அப்படி ஒன்றும் இல்லையே! வந்தால் அப்போது மாற்றலாம். அந்தப் பள்ளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அருமையான பள்ளம்.

அண்ணை: பள்ளத்துக்குப் போட எங்கள் வீட்டுக் கழிவு காணாது.

தங்கச்சி: என் வீட்டுக் கழிவையும் கொண்டுவந்து தருகிறேன்.

அண்ணை: மாரி முழுக்கவா?

தங்கச்சி: மாரி முழுக்க.

அண்ணை: தேயிலைப் பையைப் பிய்த்துத் தூளை மட்டும் கொண்டு வா, சில பைகளில் பிளாஸ்டிக் இருக்கிறது. வாழைப்பழத் தோலைச் சின்னதாக வெட்டு. சோறு, இறைச்சி வேண்டாம், எலி வரும். அப்புறம் அந்த எக்செல் ஷீட்டைப் பிரின்ட் எடுத்துத் தா, அதுவும் உக்கும்.