பெத்தி அல்பேரின் உப்புக்கண்டம்

ஹாரி பாட்டரின் இரண்டாம் நூலில் ஓர் இருட்டுக் கடை வரும். அங்கே காய்ந்துபோன கை ஒன்று. அதில் மெழுகுவர்த்தியைச் செருகினால் பிடித்திருப்பவருக்கு மட்டும் வெளிச்சம். இதை ரசித்துப் படிக்கிற நம் மொரீஷியஸ் ஆட்கள் 'பெத்தி அல்பேர்' என்ற மந்திர நூலின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். லொங்கானிஸ், அதாவது சூனியச் சமாச்சாரமாம்! அந்தக் கையின் செய்முறை அச்சேறியிருப்பதே பெத்தி அல்பேரில்தான்.

18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் தலைச்சுமை வியாபாரிகள் ஊரூராக விற்ற மலிவுப் புத்தகம் அது. 1280-இல் இறந்த துறவி அறிஞர் அல்பெர்ட்டுஸ் மாக்னுஸின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சூனியம் என்றாலே ஆப்பிரிக்காவையும் நம் கூலிக் கப்பல்களையும் கைகாட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கையை ஊறப்போடும் வித்தையோ பிரெஞ்சு அச்சில் வந்தது.

அந்தக் கை திருடர்களின் கருவி; ஏற்றிக் காட்டினால் வீட்டார் அசையாமல் கிடப்பார்கள் என்பது நம்பிக்கை. செய்முறை இது. தூக்கில் தொங்கியவன் கையைப் பிணத்துணியில் சுற்றி, மிச்ச ரத்தத்தைப் பிழிய வேண்டும். மண்சட்டியில் உப்பு, வெடியுப்பு, திப்பிலி, 'சிமாத்' (இது என்னவென்று ஆளுக்கொரு விளக்கம்) எல்லாவற்றையும் பொடித்துப் போட்டு 15 நாள் ஊறல். பிறகு உச்சி வெயில். வெயில் போதாவிட்டால் பெரணியும் வெர்வேன் செடியும் எரித்துச் சூடேற்றிய அடுப்பு. மெழுகுவர்த்திக்குத் தூக்கிலிடப்பட்டவனின் கொழுப்பு, புதுத் தேன்மெழுகு, 'லாப்லாந்து எள்'. அந்தப் பனிக்காட்டில் எள் எங்கே விளைந்ததோ!

மந்திரத்தைக் கழித்தால் மிஞ்சுவது உப்புக்கண்டம். ரத்தம் தங்கிய இடம் முதலில் அழுகும், அதனால்தான் பிழிவது. உப்பு நீரை இழுக்கும். வெடியுப்பு கிருமியை அடக்கும். பன்றித்தொடையைப் பதப்படுத்தவும் இதைத்தான் போட்டார்கள். திப்பிலி நம் சுக்கு மிளகு திப்பிலியில் வருகிற அதே சரக்கு.

இங்கே செய்தால் கெட்டுப்போகும். நூல் சொல்லும் 'கனிக்யூல்' ஜூலை கடைசியும் ஆகஸ்டும். பிரான்சுக்கு அது அக்னி நட்சத்திரம், நமக்குக் குளிர்காலம். நம் கியூர்பிப் ஊரின் தூறலில் கை காய்வதற்குள் பூசணம் பூத்துவிடும்.

கைக்குப் பெயர் வந்த கதைதான் ருசி. 'மாந்த்ரகோர்' என்ற செடிப்பெயர் பிரெஞ்சுக்காரர் வாயில் மருவி 'மேன் த க்ளுவார்', அதாவது மகிமைக் கை, ஆயிற்று. ஆள் வடிவ வேர். பிடுங்கினால் அலறும், கேட்டவர் சாவார், ஆகவே நாயைக் கட்டி இழுக்கவிட வேண்டும் என்பது அந்தச் செடியின் பழங்கதை. ஹாரி பாட்டரின் அதே இரண்டாம் நூலில் அலறும் செடியும் உண்டு. செடியும் கையும் ஒரே சொல்லின் பிள்ளைகள்!

இங்கிலாந்தில் விரல்களையே கொளுத்துவதாகக் கதை. கட்டைவிரல் பற்றாவிட்டால் வீட்டில் யாரோ விழித்திருக்கிறார்கள். பால் ஊற்றினால்தான் அணையும். விட்பி அருங்காட்சியகத்தில் அப்படியொரு கை இன்றும் இருக்கிறது.

திருடனைத் தடுக்கவும் பெத்தி அல்பேர் வழி சொல்கிறது: கறுப்புப் பூனையின் பித்தம், வெள்ளைக் கோழிக் கொழுப்பு, ஆந்தை ரத்தம் குழைத்து வாசற்படியில் பூச வேண்டும். அந்தக் களிம்பையும் கனிக்யூலில்தான் கிண்ட வேண்டுமாம்.