கணுக்காலுக்கு மேல் நனையாதவர்களின் ஏரிச் சண்டை

ஜூலை 5. காலை ஏழு மணி. வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறேன், கைப்பேசி சிணுங்குகிறது. "அடுத்த வருடத்துக்காவது இப்போதே முடிவு செய்துவிடுவோம். எந்த மாநிலத்து ஏரி சிறந்தது? அனைவரும் வாக்களிக்கவும்." கீழே நான்கு கட்டங்கள். அனுப்பியவன் மினசோட்டாக்காரன் என்பதால் முதல் கட்டம் மினசோட்டா. பிறகு விஸ்கான்சின், மிச்சிகன், ஓரிகன். என் மாநிலத்துக்குக் கட்டமே கிடையாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நேற்று அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறை. நாள் முழுவதும் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் கொளுத்திய பட்டாசை ஓசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் தெரியுமா? இதே கேள்வியை இதே ஆட்கள் ஜனவரியில் கேட்டு, மே மாதம் வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு குடும்பம், ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. இந்த விடுமுறைக்கு எல்லோரும் ஒரே வாடகை வீட்டில் சேர்ந்து தங்குவதாகத் திட்டம். நான் கேட்டது ஆறு படுக்கையறை, மூன்று கழிவறை, கடுகு தாளித்தால் ஊரைக் கூட்டாத புகை எச்சரிக்கை மணி. ஏரி இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் பாதகமில்லை என்றுகூடச் சொன்னேன். அங்கேதான் தப்பு செய்தேன் போலிருக்கிறது.

முதல் வீடியோ அழைப்பு, ஞாயிறு இரவு எட்டு மணி. மினசோட்டாக்காரன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. தன் காரின் நம்பர் பலகையைப் படமெடுத்துத் திரையில் காட்டினான். "10,000 ஏரிகள் என்று போட்டிருக்கிறது பார். உண்மையில் 11,842. பத்து ஏக்கருக்குக் குறைந்ததை நாங்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அடக்கத்தினால் குறைத்துப் போட்டிருக்கிறோம்." நாங்களாம்! பிறந்தது பட்டுக்கோட்டை. மினியாபொலிஸுக்கு வந்து ஆறு வருடம். ஏதோ இவனுடைய தாத்தா மண்வெட்டியும் கூடையுமாகப் போய் அத்தனை ஏரியையும் வெட்டிவிட்டு வந்த மாதிரி. வெட்டியவை பனியாறுகள் ஐயா, பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால்!

விஸ்கான்சின்காரன் சும்மா இருப்பானா? "எங்களிடம் 15,000-க்கு மேல்" என்றான். உடனே மினசோட்டா, "அதில் பெயர் வைத்தவை எத்தனை?" என்று மடக்கியது. ஏறக்குறைய 6,000. மீதி ஒன்பதாயிரத்துக்குப் பெயரே கிடையாது. பெயர் வைக்காத பிள்ளைகளையெல்லாம் ரேஷன் கார்டில் ஏற்றிச் சர்க்கரை வாங்குகிற வேலை இது. "உங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? சுமார் 200 ஏரிக்கு மட் லேக் என்று ஒரே பெயர், சேற்று ஏரி, சேற்று ஏரி, சேற்று ஏரி" என்று அவன் திருப்பிக் கொடுத்தான்.

அதோடு வீட்டுப் பேச்சு போயே போய்விட்டது. எதை ஏரி என்பது என்று நாற்பது நிமிடம் நடந்தது. சத்தியமாக நாற்பது நிமிடம். அதற்குள் நான் இட்லிக்கு அரைத்து, கரைத்து, மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன், இவர்கள் இன்னும் ஐந்து ஏக்கரா பத்து ஏக்கரா என்பதிலேயே நிற்கிறார்கள். மினசோட்டாவின் அளவுகோலைப் போட்டால் விஸ்கான்சின் சுருங்கிவிடும், விஸ்கான்சின் அளவுகோலைப் போட்டால் மினசோட்டா ஊதிவிடும், ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொண்டு அளந்தால் நெல் எப்படிக் கணக்குக்கு வரும்? ஏரி, குளம், குட்டை, தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்த மொழியைப் பேசிக்கொண்டு வளர்ந்தவர்கள். விஸ்கான்சின்காரன் மதுராந்தகத்துக்காரன் வேறு. ஏரிக்கும் குட்டைக்கும் வித்தியாசம் அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

இவ்வளவு நேரமும் மிச்சிகன்காரன், சாப்பாடு போடட்டும் என்று காத்திருக்கும் சம்பந்தி மாதிரி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகு செருமினான். "கிரேட் லேக்ஸ் என்கிற ஐந்து பெரும் ஏரிகளில் நான்கு எங்கள் கரையைத் தொடுகின்றன. நீங்கள் பேசிக்கொண்டிருப்பது வாளித் தண்ணீர்." சுப்பீரியர் ஏரி மட்டுமே 31,700 சதுர மைல், தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் அதற்குள் மூழ்கிவிடும் என்றான். சுப்பீரியர் எங்கள் கரையிலும்தான் இருக்கிறது என்று மினசோட்டாவும் விஸ்கான்சினும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்றைக்கு அவர்கள் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு நொடிதான். "2014-இல் உங்கள் ஈரி ஏரித் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று டொலிடோ நகரத்துக்கே தடை போட்டார்களே, பாசி நஞ்சு என்று?" என்று மினசோட்டா குத்தியது. "அது ஒஹாயோ பக்கம்" என்றான் மிச்சிகன். நல்ல தண்ணீரெல்லாம் எங்களுடையது, பாசி மட்டும் பங்காளி வீட்டுப் பக்கம்!

ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மிச்சிகன்காரனுடைய அப்பா அப்போது காபி டம்ளரோடு பின்னால் போனார். நின்றார். திரையை உற்றுப் பார்த்தார். "அலாஸ்காவில் முப்பது லட்சம் ஏரி இருக்கிறதாம். கப்பலில் சொன்னார்கள்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். திரையில் ஐந்து வாய்கள் திறந்தபடி நின்றன. அந்த மௌனத்தை நான் சட்டம் போட்டு மாட்டியிருக்க வேண்டும்.

ஆனால் ஓரிகன்காரன் தாமதமாக வந்து சேர்ந்தான். எண்ணிக்கை முக்கியமில்லையாம், ஆழம்தான் முக்கியமாம். ஓரிகனில் இருக்கிற கிரேட்டர் (Crater) ஏரி 1,943 அடி, நாட்டிலேயே ஆழமானது, 7,700 வருடத்துக்கு முன் எரிமலை உள்வாங்கி உண்டானது, எந்த ஆறும் வந்து கலக்காமல் மழையும் பனியும் மட்டுமே நிரப்பிய தண்ணீர். எல்லாம் சரி. ஆனால் அந்தத் தண்ணீரைத் தொட ஒரே ஒரு பாதைதான், 700 அடி கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்பதை அவன் சொல்லவே இல்லை. மூட்டு வலியோடு வரும் மாமியார்களை யார் தூக்குவது?

மறுநாளே ஓரிகன் ஓர் எக்செல் அட்டவணை தயாரித்தான். எண்ணிக்கை, பரப்பு, ஆழம், தெளிவு, கொசு என்று பதினேழு பத்தி. வாடகைக்கு ஒரு பத்தி உண்டா? கிடையாது. கழிவறைக்கு? கிடையாது. நான் மெதுவாக, "சிகாகோவிலும் மிச்சிகன் ஏரி இருக்கிறது, கரைக்கு வர ரயில் இருக்கிறது, நான் தினமும் சாம்பார் வைப்பதே அந்த ஏரித் தண்ணீரில்தான்" என்றேன். சிரித்தார்கள். இல்லினாய்க்கு வரிசைகூடப் போடவில்லை.

இந்தப் பைத்தியம் இவர்களோடு நின்றால் பரவாயில்லை. 1998 மார்ச்சில் சாம்ப்ளெய்ன் ஏரியையும் பெரும் ஏரிகளில் ஒன்றாகச் சட்டத்திலேயே எழுதி, கிளிண்டன் கையெழுத்துப் போட்டார். ஏரிக்கரையில் இருக்கிற வெர்மான்ட் மாநிலத்துக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைக்க வேண்டுமே! மற்ற மாநிலங்கள் குதித்த குதியில் பதினெட்டே நாளில் எடுத்துவிட்டார்கள். நாடாளுமன்றமே அப்படி என்றால் நம் பையன்களை என்ன சொல்ல?

சொல்ல ஒன்று இருக்கிறது. இவர்களில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன் எல்லோரும் மினசோட்டாவில் இருக்கிற டுலூத் போனோம், சுப்பீரியர் பார்க்க. ஜூன் மாத வெயில். மினசோட்டாக்காரன் காலணியைக் கழற்றி, காலுறையை மடித்து அதற்குள் செருகி, பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, கைகளை விரித்துக்கொண்டு ஏதோ புனித நீராடப் போகிறவன் போலக் கூழாங்கற்களின் மேல் இறங்கினான். கணுக்கால் வரை போனது. ஒரு கீச்சுக் குரல் கேட்டது. குழந்தைகளில் யாரோ என்று திரும்பினேன். இவன்தான். பனிக்கட்டியாக உறைய நாலு டிகிரி பாக்கி இருக்கிற தண்ணீர் அது. அடுத்த இரண்டு மணி நேரம் எல்லோரும் கரையில் ஜமுக்காளம் விரித்துப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம், ஏரிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டோம், திரும்பினோம். இவர்களுக்கு 1,943 அடி எதற்கு? நாலு அங்குலம் போதாதா?

மே மாதம் நானே தேடினேன். ஜூலை வாரத்துக்கு எல்லா வீடும் போயிருந்தது. மிச்சம் இருந்த ஒன்றில் கழிவறை தோட்டத்துக் கோடியில்.

எழுத எழுத எனக்கே சிரிப்பு வருகிறது, அதுவும் எரிச்சலான சிரிப்பு. ஏனென்றால் இந்த ஐந்து மாதமும் மேரிலாந்துக்காரன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வழியும் இல்லை, அவனுடைய மாநிலத்தில் இயற்கையான ஏரி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அணை கட்டித் தேக்கியவை. கட்டைவிரல் படம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். நேற்று மாலை அவனிடமிருந்து ஒரு புகைப்படம். டீப் கிரீக் ஏரி, 1925-இல் மின்சாரம் எடுப்பதற்காக உண்டாக்கியது. கரையில் அழகான மரவீடு, பெரிய சமையலறை, மாமனார் வீட்டார் பதினொரு பேர். பிப்ரவரியிலேயே பதிவு செய்துவிட்டானாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுப்பின் மேல், ஆவி பறக்க, ஒரு காது நசுங்கிய இட்லிப் பானை. அது என்னுடையது. கும்பகோணத்தில் வாங்கி, சேலைகளுக்கு நடுவில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தது. இரண்டு நாளில் தருகிறேன் என்று சீமந்தத்துக்கு வாங்கிப் போனான். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.